ஓடுகிறது, ஆனால் நகரவில்லை

2003 ஆகஸ்ட் 14, பிற்பகல். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்சார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் 2.14 மணிக்குப் பிறகு ஓர் எச்சரிக்கைகூட ஒலிக்கவில்லை. பணியில் இருந்தவர்களுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. உண்மையில், எச்சரிக்கை தரவேண்டிய மென்பொருளே சிக்கிக்கொண்டு நின்றிருந்தது. 2.41-க்கு அதைத் தாங்கிய முதன்மை சர்வர் விழுந்தது. மாற்று சர்வர் பொறுப்பேற்றது. சிக்கலும் தேங்கிக் கிடந்த வேலையும் அப்படியே அதன் தலையில் இறங்க, 13 நிமிடத்தில் அதுவும் விழுந்தது. கணினிப் பிரிவினர் 3.08-க்கு முதன்மை சர்வரை மறுபடி கிளப்பினார்கள். இருக்கவேண்டிய செயல்முறைகள் எல்லாம் ஓடுகின்றன என்று சோதனைத் திரை சொன்னது. சரியாகிவிட்டது என்று நம்பினார்கள்.

எச்சரிக்கை அமைப்பு அப்போதும் உறைந்தே கிடந்தது. எச்சரிக்கைகள் வருகின்றனவா என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களிடம் யாரும் கேட்டு உறுதி செய்யவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் மின்தடங்கள் வரிசையாகத் துண்டிக்கப்பட்டன. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலுமாக ஏறத்தாழ 5 கோடிப் பேர் இருட்டில் விழுந்தார்கள். இழந்த மின்சுமை 61,800 மெகாவாட் என்று இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய விசாரணை கணக்கிட்டது.

அந்த இருட்டுக்கு மென்பொருள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வெட்டாமல் விட்ட மரங்களில் கம்பிகள் உரசியதும் காரணம். மேற்பார்வைக் குறைகளும் காரணம். ஆனால் மென்பொருளின் பங்கு நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து படிக்கவேண்டிய பாடம். ஜெனரல் எலக்ட்ரிக் தந்த எக்ஸ்ஏ-21 என்ற அமைப்பு அது. உலகெங்கும் மொத்தமாக 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடி, அதுவரை இந்தக் கோளாறைக் காட்டாத அமைப்பு. ஒரே தரவை ஒரே கணத்தில் இரண்டு செயல்முறைகள் எழுதப் புகுந்தன, தரவு குலைந்தது, எச்சரிக்கை நிரல் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டது. நிரலாளர்கள் இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். தவறு நேர இருந்த இடைவெளி சில மில்லி நொடிகள்தான். அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. கடைசியில், நிரலுக்குள் வேண்டுமென்றே தாமதங்களைச் செருகி, வேகத்தைக் குறைத்து ஓட்டிய பிறகே ஆய்வகத்தில் அதே சிக்கல் மீண்டும் தோன்றியது.

ஆக, செயல்முறை ஓடுகிறது என்ற தகவல் உண்மையாகவும் இருக்கலாம், பயனற்றதாகவும் இருக்கலாம். ஓடும் நிரல் உள்ளே நகர்கிறதா, நின்றிருக்கிறதா, நின்ற இடத்திலேயே சுற்றுகிறதா? இதை அந்த நிரலிடமே கேட்க முடியும். கேட்பதற்கு வேண்டிய கருவிகள் ஒரு சாதாரண லினக்ஸ் டெர்மினலில் கிடைக்கின்றன. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கவேண்டும் என்றால் அதை த்ரெட் எனப்படும் இழைகளாகப் பிரிப்பார்கள். ஒரு வங்கியின் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இழை வாடிக்கையாளரின் கோரிக்கையை வாங்கும். இன்னொன்று கணக்கைத் திருத்தும். மற்றொன்று பதிவேட்டில் எழுதும். எல்லா இழைகளுக்கும் நினைவகம் பொது. கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. ஓர் இழை அதைப் படித்து 100 கூட்டுகிறது. அது எழுதுவதற்குள் இன்னோர் இழையும் அதே 1,000-ஐப் படித்து 200 கூட்டுகிறது. முதலில் எழுதியது 1,100. அதன்மேல் எழுதியது 1,200. நூறு ரூபாய் காணாமல் போயிற்று. இதைத் தடுக்கத்தான் மியூடெக்ஸ் என்ற பூட்டு. பூட்டு வந்ததும் அடுத்த தொல்லையும் கூடவே வருகிறது: ஒருவரிடம் இருக்கும் பூட்டுக்கு இன்னொருவர் காத்திருக்க, இவரிடம் இருப்பதற்கு அவர் காத்திருக்க, இருவரும் நகராமல் நிற்பது. அதுதான் டெட்லாக்.

இந்த வகைப் பிழைகள் பெரும்பாலும் மறுமுறை ஓட்டினால் தெரியாது. டேண்டம் கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-இல் எழுதிய புகழ்பெற்ற அறிக்கையில் இதைப் பேசியிருக்கிறார்: களத்தில் எஞ்சும் மென்பொருள் பிழைகளில் பல, மறுபடி முயன்றால் மறைந்துவிடுபவை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இதுதான். அந்த நம்பிக்கை பாதி நியாயமானது. சேவை உடனே மீளவேண்டும் என்றால் ரீஸ்டார்ட் தேவைதான். ஆனால் அந்த ஒரு கட்டளையில், எந்த இழை எந்தப் பூட்டைப் பிடித்திருந்தது, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்ற சாட்சியம் முழுவதும் அழிந்துபோகும். அதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும், சாட்சியத்தை எடுத்துவைத்துவிடலாம்.

முதல் கேள்வி மிக எளியது. நிரல் சிபியூவைத் தின்கிறதா, சும்மா இருக்கிறதா? டாப் கட்டளையைப் பெரிய எழுத்து ஹெச் விருப்பத்தோடு இயக்கினால், செயல்முறைகளுக்குப் பதிலாக ஒவ்வொரு இழையும் தனி வரியாகத் தெரியும். ஒரே ஓர் இழை 100 சதவீதத்தில் நின்றால் அது சுழற்சியில் மாட்டியிருக்கலாம். ஒஹாயோவில் நடந்தது இந்த ரகம். எல்லா இழைகளும் பூஜ்யத்தில் இருந்து, வேலையும் நடக்கவில்லை என்றால் எதற்கோ காத்திருக்கின்றன. இந்த ஒரே பார்வையில் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது ப்ராக் என்ற கோப்புறை. லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு செயல்முறைக்கும் அங்கே ஓர் இடம் வைத்திருக்கிறது. அதற்குள் டாஸ்க் என்ற கிளையில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு தனி அடைவு. எதையும் நிறுவவேண்டாம், கேட் கட்டளை போதும். அங்குள்ள ஸ்டேட்டஸ் கோப்பில் இழையின் நிலை ஓர் எழுத்தாக இருக்கும். ஆர் என்றால் ஓடுகிறது அல்லது ஓடத் தயார். எஸ் என்றால் உறக்கம். டி என்றால் இடையூறு செய்ய முடியாத காத்திருப்பு, பெரும்பாலும் வட்டுக்கோ வலைவழிக் கோப்பகத்துக்கோ. டி நிலையில் கிடக்கும் இழையை வலிமையான கில் சமிக்ஞையும் அசைக்காது. அங்கே பிழை நிரலில் இல்லாமல் சேமிப்பகத்தில் இருக்கக்கூடும். அதே கோப்பின் கடைசியில், இழை தானாக விட்டுக்கொடுத்த முறைகளையும் கட்டாயத்தில் விட்டுக்கொடுத்த முறைகளையும் எண்ணும் இரண்டு எண்கள் உண்டு. சில நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்துப் பாருங்கள். உறக்கத்தில் இருக்கும் இழையின் எண்கள் மாறவே இல்லை என்றால், அந்த இடைவெளியில் அது ஒருமுறைகூட விழித்தெழவில்லை.

எதற்காகக் காத்திருக்கிறது என்று அறிய எஸ்ட்ரேஸ் உதவும். நிரலுக்கும் கர்னலுக்கும் நடக்கும் பேச்சை அது ஒட்டுக்கேட்டு வரிவரியாக எழுதும். எஃப் விருப்பத்தைச் சேர்த்தால் எல்லா இழைகளையும் தொடரும். பூட்டுக்குக் காத்திருக்கும் இழையில் ஃபியூடெக்ஸ் என்ற அழைப்பு முடிவடையாமல் நிற்கும். கூடவே பூட்டின் நினைவக முகவரியும் இருக்கும். ஃபியூடெக்ஸின் அமைப்பை இங்கே நினைவில் வைக்கவேண்டும். 2002-இல் ஹூபர்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல் முதலானோர் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் முன்வைத்த ஏற்பாடு அது. பூட்டு காலியாக இருந்தால் இழை கர்னலைத் தொந்தரவு செய்யாமல் தானே எடுத்துக்கொள்ளும். வேறொருவர் பிடித்திருந்தால்தான் கர்னலிடம் போய்ப் படுக்கும். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் இதனால் எஸ்ட்ரேஸுக்குக் காத்திருப்பவர் மட்டுமே தெரிவார். பூட்டைப் பிடித்திருப்பவர் தெரியமாட்டார்.

பிடித்திருப்பவரைக் காட்டுவது ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதத் தொடங்கிய இந்தக் கருவி இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. செயல்முறை எண் 4310 என்று வைத்துக்கொள்வோம். ஜிடிபியைப் பி விருப்பத்தோடும் அந்த எண்ணோடும் இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு அது இணைந்துகொள்ளும். இன்ஃபோ த்ரெட்ஸ் என்றால் இழைகளின் பட்டியல் வரும். த்ரெட் அப்ளை ஆல் பிடி என்றால், ஒவ்வோர் இழையும் எந்தச் செயற்கூற்றில் நிற்கிறது, அதை யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்ற முழுச் சங்கிலியும் வரும். ஜிடிபியில் ஒரே ஒரு கட்டளைதான் மனப்பாடம் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும்.

வங்கி உதாரணத்துக்கே திரும்புவோம். 101-ஆம் கணக்கிலிருந்து 205-க்கு ஒருவர் பணம் அனுப்புகிறார். அதே கணத்தில் 205-லிருந்து 101-க்கு இன்னொருவர் அனுப்புகிறார். இழை 4322 முதல் கணக்கைப் பூட்டிவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது. இழை 4325 இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறது. ஜிடிபியில் இரண்டு இழைகளும் பூட்டு கோரும் செயற்கூற்றில் நிற்பது தெரிகிறது. இப்போது லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகத்தின் ஒரு வசதி கைகொடுக்கிறது. சாதாரண மியூடெக்ஸ் ஒவ்வொன்றும், தன்னைப் பிடித்திருக்கும் இழையின் எண்ணை ஓனர் என்ற உள் புலத்தில் எழுதிவைத்திருக்கும். முதல் கணக்கின் பூட்டை பிரின்ட் கட்டளையால் அச்சிட்டால் ஓனர் 4322. இரண்டாவதை அச்சிட்டால் 4325. வட்டம் முழுமையாகத் தெரிந்துவிட்டது. ஊகிக்க இனி எதுவும் இல்லை.

தீர்வு 1971-லேயே அச்சில் வந்துவிட்டது. காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகளும் ஒருசேர அமையவேண்டும் என்று எழுதினார்கள்: ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய வளம், ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருத்தல், பிடுங்க முடியாமை, வட்டமான காத்திருப்பு. ஒன்றை உடைத்தால் போதும். எந்தத் திசையில் பணம் போனாலும் சிறிய எண் கொண்ட கணக்கை முதலில் பூட்டு என்று ஒரு விதி வைத்தால் வட்டம் அமையவே வழியில்லை.

ஜிடிபியைக் களத்தில் பயன்படுத்துவோர் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். அது இணைந்ததும் எல்லா இழைகளும் நிற்கும். ஏற்கெனவே நின்றுபோன நிரலில் இதனால் பெரிய நட்டம் இல்லை. பாதி வேலை நடந்துகொண்டிருக்கும் சர்வரில் வாடிக்கையாளர்கள் காத்துக்கிடப்பார்கள். ஆகவே பேட்ச் முறையில், கட்டளையை முன்கூட்டியே கொடுத்து, வெளியீட்டைக் கோப்பில் எழுதவைத்து, உடனே விலகச் செய்வது வழக்கம். சில நொடி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்தால் எந்த இழை நகர்கிறது, எது அதே வரியில் நிற்கிறது என்று ஒப்பிடலாம். இன்னும் ஆறஅமரப் பார்க்க ஜிகோர் கட்டளை நினைவகம் முழுவதையும் கோர் டம்ப் கோப்பாக எழுதித் தரும். பிறகு சர்வரைத் தயங்காமல் ரீஸ்டார்ட் செய்யலாம். 16 ஜிபி நினைவகம் பிடித்திருக்கும் நிரலுக்குக் கோப்பும் ஏறத்தாழ அந்த அளவுக்கு வரலாம். வட்டில் இடம் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தக் கோப்புக்குள் கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும் என்பதால் அதை மின்னஞ்சலில் சுற்றுக்கு விடக்கூடாது. உபுண்டு போன்ற அமைப்புகளில், வழக்கமான பயனர், தன் சொந்தச் செயல்முறையாகவே இருந்தாலும், ஜிடிபி தொடங்காத ஒன்றோடு இப்படி இணைவதைக் கர்னலே தடுக்கும். ரூட் உரிமை வேண்டும். அந்த உரிமையை நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவைக்கவேண்டும்.

ஜாவாக்காரர்களின் பாடு சற்றே எளிது. ஜேஸ்டாக் கட்டளை எல்லா இழைகளின் நிலையையும் தரும். வட்டமான காத்திருப்பு இருந்தால் டெட்லாக் கண்டேன் என்று தானே அறிவித்து, எந்த இழை எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறது என்றும் எழுதிவிடும். அந்தக் கருவி கையில் இல்லை என்றால் கில் கட்டளையை 3 என்ற எண்ணோடு அனுப்பலாம். பெயர்தான் பயமுறுத்தும், நிரல் சாகாது. ஜாவா இயந்திரம் அதே பட்டியலைத் தன் வெளியீட்டில் கொட்டிவிட்டு வேலையைத் தொடரும். டாப் காட்டிய இழை எண்ணை இந்தப் பட்டியலில் தேடும்போதுதான் பலர் தடுமாறுவார்கள். நீண்ட காலமாக ஜாவா அந்த எண்ணை 16 அடிமானத்தில் எழுதிவந்தது. டாப்பில் 4330 என்றால் பட்டியலில் 10இஏ. அண்மைப் பதிப்புகளில் அது பதின்ம எண்ணாகிவிட்டது.

பூட்டு, காத்திருப்பு, வட்டம் என்ற கணக்குக்குள் அடங்காத சிக்கலும் உண்டு. அதன் சிறந்த உதாரணம் பூமியில் நடக்கவில்லை.

1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் அதன் கணினி அவ்வப்போது தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்ஒர்க்ஸ் இயங்குதளத்தில், முன்னுரிமை வரிசைப்படி பல பணிகள் அதில் ஓடின. தகவல் பகிரும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. நொடிக்கு 8 முறை அது முடியவேண்டும். வானிலைப் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டும் ஒரு பூட்டைப் பகிர்ந்தன. என்ன நடந்தது என்பதை ஒரு மாவட்ட அலுவலகத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பீரோ சாவி கடைநிலை ஊழியர் கையில் இருக்கிறது. கலெக்டர் அதற்காகக் காத்திருக்கிறார். நடுவில் இருக்கும் பிரிவு அதிகாரி அந்த ஊழியரைக் கூப்பிட்டு வேறு வேலைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கலெக்டரை யாரும் எதிர்க்கவில்லை. ஆனாலும் அவர் வேலை நின்றுவிட்டது. பாத்ஃபைண்டரில், உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியாததைக் கண்டதும், ஏதோ பெரிய கோளாறு என்று கணினி தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. இதைப் பிரையாரிட்டி இன்வர்ஷன் என்பார்கள்.

பாசடீனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தினர், கலத்தின் நகலான சோதனைக் கணினியில் அதே வேலைகளை அதே மென்பொருளோடு ஓட்டினார்கள். பணி மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. சோதனைக்கு என்று சேர்த்த வசதிகளைப் பறப்பதற்கு முன் அவர்கள் நீக்கிவிடவில்லை. கோளாறு மறுபடி தோன்றியது. பதிவைப் படித்ததும் காரணம் தெரிந்தது. மென்பொருள் குழுவின் தலைவர் கிளென் ரீவ்ஸ் இதைப் பின்னர் விரிவாக எழுதினார். கோளாறைத் திருத்த, விஎக்ஸ்ஒர்க்ஸின் கட்டளை வரியிலிருந்து செவ்வாயில் உள்ள கலத்தின் ஒரு மாறியை நேரடியாக மாற்றினார்கள் என்று ஒரு கதை பரவியிருக்கிறது. ரீவ்ஸ் அதைத் திருத்தினார்: அந்த வசதி கலத்தில் இருந்தது உண்மை, ஆனால் மாற்றத்தை அனுப்பியது, பல சரிபார்ப்புகள் கொண்ட தனி முறை வழியாகத்தான்.

மாற்றம் இதுதான்: பூட்டு உருவாகும்போது முன்னுரிமை மரபுரிமையை இயக்கு. அதாவது, சாவி கையில் உள்ளவரை கடைநிலை ஊழியருக்கும் கலெக்டரின் தகுதி. பிரிவு அதிகாரி அவரை ஏவ முடியாது. இந்த நெறியை 1990-இல் ஆய்வுக் கட்டுரையாக நிறுவியவர்கள் லூயி ஷா, ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. இவர்களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ்குமார், கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். 1997 டிசம்பரில் நிகழ்நேர அமைப்புகள் பற்றிய கருத்தரங்கில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னபோது அவர்கள் மூவரும் அதே அரங்கில் இருந்தார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கூட்டம் கைதட்டியது.

மீண்டும் கருவிகளுக்கு வருவோம். ஓடும் நிரலைத் தொட்டால் அதன் தாளம் மாறும்; தாளம் மாறினால் பிழை ஒளிந்துகொள்ளும். எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு கர்னல் அழைப்பிலும் நிரலை நிறுத்துவதால் வேகம் வெகுவாகக் குறையும். தொல்லை குறைவாகப் பார்ப்பதற்கென்றே 2005-இல் சொலாரிஸில் டிட்ரேஸ் வந்தது. லினக்ஸில் 2009-இல் பெர்ஃப், பிறகு பிபிஎஃப்ட்ரேஸ். சிபியூவைத் தின்னும் இழை எந்தச் செயற்கூற்றில் பொழுதைக் கழிக்கிறது என்று பெர்ஃப் மாதிரி எடுத்துச் சொல்லிவிடும். ஆனால் அந்த நூறு ரூபாய் காணாமல் போனதே, அதை இவை எதுவும் காட்டாது. அங்கே யாரும் நிற்கவில்லை, யாரும் சுற்றவில்லை. தவறு நடந்து முடிந்துவிட்டது. அதற்குத் த்ரெட்சானிடைசர் இருக்கிறது. நிரலை அதோடு சேர்த்துக் கம்பைல் செய்து சோதனைத் தளத்தில் ஓட்டினால், பூட்டில்லாமல் இரண்டு இழைகள் ஒரே இடத்தைத் தொடுவதை இரண்டு வரி எண்களோடும் சொல்லும். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையலாம். நினைவகமும் பல மடங்கு கேட்கும். ஆகவே களத்துக்கு ஏற்றதில்லை. இன்னொரு வழி, மொசில்லாவில் உருவான ஆர்ஆர். ஓட்டத்தை ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அதையே எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சுப் பிசகாமல் திரும்ப ஓட்டலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். குலைந்த மாறியின்மேல் கண்காணிப்பு வைத்துப் பின்னால் போனால், கடைசியாக அதில் எழுதிய இழையிடமே போய் நிற்கும்.

இவ்வளவும் உதவவேண்டும் என்றால் நிரலை வெளியிடும் நாளிலேயே சில ஏற்பாடுகள் வேண்டும். டீபக் குறியீட்டுத் தகவலைத் தனிக் கோப்பாகவாவது பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் ஜிடிபி செயற்கூற்றுப் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளையே காட்டும். கன்டெய்னருக்குள் ஓடும் நிரல் என்றால், உள்ளே தெரியும் இழை எண்ணும் வெளியே தெரியும் எண்ணும் வேறு வேறு என்பதைக் குறித்துவையுங்கள்.

இழைகளுக்குப் பெயர் வையுங்கள். ஒரே பெயரில் நாற்பது இழைகள் வரிசைகட்டி நின்றால் டாப் காட்டும் பட்டியலால் யாருக்கும் பயனில்லை. லினக்ஸ் ஓர் இழையின் பெயருக்கு 15 பைட் இடம் தருகிறது. ஆங்கிலத்தில் அது 15 எழுத்து. தமிழில் வைக்க விரும்புவோருக்கு ஒரு கணக்கு: யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், உயிர்மெய்யின் கொம்பும் புள்ளியும்கூடத் தனிக் குறியீடுகளே. ஆகவே மொத்தம் 5 குறியீடுகள்தான் கிடைக்கும். வரிசை என்ற பெயர் சரியாக 15 பைட்டில் அடங்கிவிடும். கணக்கு என்ற பெயருக்கு 18 வேண்டும். அதைக் கொடுத்தால் பித்ரெட் நூலகம் ஏற்காமல் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும்.